காட்டு முயல் கறிக்கு இவ்வளவு மவுசு எதற்கு?

பொங்கல் நெருங்கினால் போதும், "காட்டு முயல் எங்கயாவது கிடைக்குமா?" என்று ரகசியமாக விசாரிக்கிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கூடவே இன்னொரு கேள்வி: "சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதே?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டு முயலை விட்டுவிடுங்கள். முயல் கறி சாப்பிடணும் என்று ஆசையாக இருந்தால் பண்ணை முயல் வாங்குங்கள். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்பவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

நம்மூர் கரட்டிலும் கடலைக் காட்டிலும் ஓடுவது, பண்ணையில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறதே, அதன் காட்டுச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு இனம். பண்ணை முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம்மூர் முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் சின்னப் பள்ளத்தில் படுத்துக்கிடக்கும். குட்டி பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்து பிறக்கும். தெற்கே இருப்பதற்குப் பிடரியில் கறுப்புத் திட்டு உண்டு. கறியும் அப்படித்தான். பண்ணை முயல் கறி வெளுப்பு, மெத்து. காட்டு முயல் கறி கருஞ்சிவப்பு, ஓடி ஓடி இறுகிய சதை, கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் காட்டு முயல் பற்றி வரும் எச்சரிக்கைகளில் பாதி, அமெரிக்காக்காரர்கள் தங்கள் ஊர் முயலை வைத்துச் சொல்வது. அங்கே துலரேமியா என்று ஒரு நோய் இருக்கிறது. முயல் காய்ச்சல் என்றே அழைப்பார்கள். 1911-ல் கலிபோர்னியாவின் துலாரி மாவட்டத்து அணில்களில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். பத்து, ஐம்பது கிருமி உடம்புக்குள் போனாலே போதும், நோய் வந்துவிடும். அதனால்தான் அங்கே கையுறை போடாமல் தோலுரிக்காதே, ஈரலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் தூக்கிப் போடு, ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதே, 74 டிகிரி செல்சியஸுக்கு உள்வரை வேகவை என்றெல்லாம் சொல்கிறார்கள். கவனியுங்கள், ஆபத்து சாப்பிடுவதைவிட அறுப்பதில்தான் அதிகம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்கூட இந்த நோய் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே தூக்கிவந்து நம்மூர் முயல் மேல் ஒட்டிப் பயமுறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. நம்மூர் முயலிலும் உண்ணி இருக்கும், சிலதற்கு வயிற்றுக்குள் நீர்க்கொப்புளம் மாதிரி புழுக்கூடு தொங்கும் (அந்தக் குடலை நாய்க்குப் பச்சையாகப் போட்டால் நாய்க்கு நாடாப்புழு வரும், அதை மட்டும் செய்யாதீர்கள்). நன்றாக வேகவைத்தால் கிருமி, புழு விஷயத்தில் பெரிய பயம் இல்லை.

என் பயமே வேறு. அந்த முயல் எப்படிச் செத்தது?

கண்ணியில் மாட்டியதா, நாய் கவ்வியதா, இல்லை மருந்து தின்று மயங்கிக் கிடந்ததா, விற்பவர் சொல்வதைத் தவிர நமக்கு வேறு ஆதாரம் கிடையாது. முயல் மேய்வது நம் கொல்லையில்தான். விதை நேர்த்திக்குக் கலந்த மருந்து, குருணை மருந்து, நேற்று அடித்த பூச்சிமருந்து, எலிக்கு வைத்த விஷம், எல்லாம் இருக்கிற அதே கொல்லை. அடுப்பில் வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து எங்கே போகும்? அப்புறம், ராத்திரி சாக்கில் வருகிற கறி எத்தனை மணி நேரம் அதில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? தலையும் காலும் இல்லாமல் தோலுரித்துக் கொடுத்தால் அது முயலா பூனையா என்று சொல்வதே கஷ்டம். மவுசுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க மாட்டார்கள்.

சட்டம் தெரிந்ததுதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம், கறியை வைத்திருப்பதும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பிடித்த முயலைத் தூக்கிக் காட்டி வீடியோ போட்டு, அந்த வீடியோவாலேயே மாட்டிக்கொள்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் திருவிழாவோடு சேர்ந்த பாரி வேட்டை பாட்டன் காலத்து வழக்கம் என்பது உண்மை. ஆனால் பாட்டன் காலத்தில் இருந்த தரிசும் புதரும் இன்று எங்கே? பாதி பிளாட் ஆகிவிட்டது. இருக்கிற கொஞ்சத்தையும் டார்ச் அடித்து விரட்டுவது வழக்கமும் இல்லை, வீரமும் இல்லை. கடலை முளைப்பை முயல் கடித்துப்போன விவசாயியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முயலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பவர் அந்த விவசாயிக்காகக் கொடுக்கவில்லையே.

காட்டு முயல் கறி வீசிங்குக்கு நல்லது, சளிக்கு நல்லது என்கிறார்கள். முயல் ரத்தம் கலந்த எண்ணெய் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்குமாம். அதை விற்கிற அண்ணன்களில் சிலர் தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார்கள்.

சரி, பண்ணை முயல். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும், ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் பல வருடங்களாகக் கறி முயல் வளர்க்கின்றன. மன்னவனூரில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இரண்டும் பேர்போனவை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ அளவுக்கு வந்துவிடும். கறி பதமாக இருக்கும், எந்தத் தீவனம் தின்றது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ருசி? காட்டு முயல் அளவுக்கு வாசம் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த "காட்டு ருசி"யில் முக்கால்வாசி மிளகும் சின்ன வெங்காயமும்தான். கொழுப்பு இல்லாத கறி என்பதால் வறட்டினால் சக்கையாகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் வேகவிட்டு, கடைசியில் மிளகைத் தட்டிப் போடுங்கள். எலும்பு சின்னதாக, கூராக இருக்கும், குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள்.