பத்து நாளில் ஒரு போகம்

(முரசுமோட்டையில் ஒரு வீடு. விறாந்தை மூலையில் 200 லீட்டர் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி; அதில் இரண்டு கோமாளி மீன், நாலைந்து பவளத் துண்டு. கொழும்பில் பத்து நாள் பயிற்சி முடித்து வந்த பெறாமகள் பயணப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நிற்கிறாள். பக்கத்தில் பெரியப்பா, விளைந்த வயலைக் காட்டுகிறவர்போல் இடுப்பில் கை வைத்தபடி.)

பெரியப்பா: பார் பிள்ளை. நீ போகும்போது வெறும் கல்லாகக் கிடந்தது. இப்போது பச்சைப்பசேல்!

பெறாமகள்: பெரியப்பா, இது பாசி.

பெரியப்பா: இருக்கட்டுமே. இந்தப் போகம் என் வயல்கூட இப்படிப் பிடிக்கவில்லை.

பெறாமகள்: மீனுக்கு என்ன போட்டீர்கள்? நாளுக்கு ஒரு சிட்டிகை என்று எழுதி ஒட்டிவிட்டுத்தானே போனேன்?

பெரியப்பா: வாசித்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற சீவனுக்குச் சிட்டிகைக் கணக்கா என்று பெரியம்மா கேட்டாள். நெத்தலிக் கருவாட்டை இடித்து, காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை.

பெறாமகள்: கருவாடா!

பெரியப்பா: கடல் மீனுக்குக் கடல் சாப்பாடு. சோறா போட்டேன்? சோறு ஒரே ஒரு நாள்தான் போட்டேன்.

பெறாமகள்: (நாற்காலியில் விழுந்து) மீன் தின்றது கொஞ்சம். மிச்சம் அழுகி அமோனியா ஆகும். ஒரு பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொன்று நைத்திரேற்று ஆக்கும். கருவாட்டிலிருந்து பொசுபேற்றும் இறங்கும். இரண்டும் சேர்ந்தால் பாசிக்குத் திருவிழா.

பெரியப்பா: நில். நைத்திரேற்று யூரியா வீட்டுச் சொந்தம். பொசுபேற்று ரிஎஸ்பி பசளை. இதற்காகவா நான் ஒவ்வொரு போகமும் வரிசையில் நிற்கிறேன்? கருவாட்டிலேயே கிடைக்கிறதா?

பெறாமகள்: (சோதனைக் குழாயை ஆட்டி) நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராம். நான் 5க்கும் 10க்கும் நடுவில் வைத்திருந்தேன். பொசுபேற்று 0.05 இருந்தது, இப்போது 0.5.

பெரியப்பா: பத்து மடங்கு! என் வயலில் ஒரு தரமாவது...

பெறாமகள்: விளக்கு ஏன் இன்னும் எரிகிறது?

பெரியப்பா: இரவில் தனியாகப் பயப்படும் என்று அணைக்கவில்லை.

பெறாமகள்: கடலில் இரவே வருவதில்லையா? சரி, தண்ணீர் வற்றியபோது என்ன ஊற்றினீர்கள்?

பெரியப்பா: அதில் மட்டும் பிழை பிடிக்க முடியாது. உப்புக் கரைத்து ஊற்றினேன்.

பெறாமகள்: ஐயோ! ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆனையிறவு உப்பளத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? அடர்த்தி 1.025 இருந்தது, 1.029க்கு ஏறிவிட்டது. வற்றினால் நல்ல தண்ணீர்தான் விடவேண்டும். அதுவும் கருவியில் சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீர். கிணற்றுத் தண்ணீரோடு வயல் பசளையும் வந்து சேரும்.

பெரியப்பா: சனம் சிறுநீரக நோய்க்குப் பயந்து கான் கானாகத் தூக்குகிற தண்ணீர், மீனுக்கா?

பெறாமகள்: மீனுக்கும் சிறுநீரகம் இருக்கிறது, பெரியப்பா. (தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து) இங்கே இருந்த வொட்கா போத்தல் எங்கே?

பெரியப்பா: (தொண்டையைச் செருமி) அதை நானே உன்னிடம் கேட்க இருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை...

பெறாமகள்: அது தொட்டிக்கு. 100 லீட்டருக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிலீட்டர், ஊசியால் அளந்து தொடங்கவேண்டும். அந்த மதுசாரத்தில் பற்றீரியா பெருகும். பெருகும்போது நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் இழுத்துக்கொள்ளும். பிறகு நுரை எடுக்கிற கருவி அவற்றை நுரையோடு வெளியே தள்ளும்.

பெரியப்பா: குடித்துவிட்டு வேலையும் செய்கிறதா? எனக்கு வரம்பு கட்ட வந்தவன் குடித்துவிட்டு வரம்பிலேயே படுத்துவிட்டான்.

பெறாமகள்: (போத்தலைக் கண்டெடுத்து) ஏன் பாதி?

பெரியப்பா: மீனுக்கு நான் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. சத்தியம்.

பெறாமகள்: மீனுக்குக் கொடுக்கவில்லை. சரி.

(அடுப்படியில் பெரியம்மாவின் அகப்பை சற்றுப் பலமாகப் பாத்திரத்தில் மோதுகிறது. பெரியப்பா பேச்சை மாற்றுகிறார்.)

பெரியப்பா: பசளைதான் பகை என்றால், அதை அடியோடு இல்லாமல் செய்துவிடலாமே?

பெறாமகள்: போன வருடம் செய்தேன். இரும்பு ஒட்சைட்டுத் துகள் போட்டுப் பொசுபேற்றைப் பூச்சியமாக்கினேன். நைத்திரேற்றும் பூச்சியம். பாசி போனது. கூடவே பவளம் வெளிறியது. பிறகு கல்லெல்லாம் மண்ணிறத்தில் மூக்குச்சளிபோல் ஒன்று, குமிழி குமிழியாக. அதற்கு டைனோபிளாஜலேட்டு என்று பெயர். மற்றப் பாசிகள் பட்டினியில் விலக, அது வந்து குடியேறிவிட்டது.

பெரியப்பா: நீ செய்தது 2021.

பெறாமகள்: இல்லை, போன வருடம்.

பெரியப்பா: 2021 என்கிறேன்! மே மாதம், விடிந்து எழும்பினால் அரசாங்கத்தார் இரசாயனப் பசளை நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறார்கள். நவம்பரில், வரலாம் என்கிறார்கள். நடுவில் காலபோகம் விதைத்தவன் நான். நெல் வெளிறி நின்ற அந்த நிறம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளிறினால் பசளை காணாது என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அதுசரி, பவளம் என்ன பயிர்?

பெறாமகள்: பயிர் இல்லை, விலங்கு. உடம்புக்குள்ளே நுண்ணிய பாசியைக் குடிவைத்து, அது வெயிலில் சமைப்பதைச் சாப்பிடுகிற விலங்கு.

பெரியப்பா: உள்ளே பாசியை வைத்துக்கொண்டு, வெளியே பாசி ஆகாது என்கிறதா?

பெறாமகள்: உங்கள் வயலில் நெல்லும் நிற்கிறது, களையாகப் பன்றிநெல்லும் நிற்கிறது. இரண்டும் ஒன்றா?

பெரியப்பா: (சற்று மௌனமாகி) இப்போது விளங்குகிறது. முதலே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

பெறாமகள்: இன்றைக்குப் பாசியைக் கையால் பிடுங்கி, தண்ணீரில் ஐந்திலொரு பங்கை மாற்றுவோம். மிச்சம் அடுத்த கிழமை. ஒரே நாளில் 50ஐ 5 ஆக்கினால் பவளம் தாங்காது.

பெரியப்பா: 2021இல் அவர்கள் செய்ததுபோல் செய்யக்கூடாது. (சட்டைக் கையை மடித்து) களை பிடுங்க என்னைவிட ஆள் யார்? கூலி என்ன?

பெறாமகள்: பாதிப் போத்தல் முற்பணமாகப் போய்விட்டது.

(பெரியப்பா மறுபேச்சின்றித் தொட்டிக்குள் கையை விடுகிறார். இரண்டு மீனும் விரைந்து வந்து அவர் பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கின்றன.)

பெறாமகள்: என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. உங்களிடம் மட்டும் ஏன் இப்படி?

பெரியப்பா: பாசம், பிள்ளை.

பெறாமகள்: சட்டைப் பையில் என்ன?

பெரியப்பா: அதுவும் பாசம்தான்... கொஞ்சம் இடித்தது.