கேமராவைக் கொஞ்சம் பின்னால இழுக்க விடுங்கப்பா

மேலிருந்து பார்த்து ஆடும் கேம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே இரண்டு புகார் கிளம்பிவிடும். ஒன்று, "ஜூம் அவுட் பத்தல", அதாவது கேமரா போதுமான அளவு பின்னால் போகவில்லை. இன்னொன்று, வழக்கத்தைவிட அகலமான மானிட்டர் வைத்திருப்பவர் கேட்பது, "என் அல்ட்ராவைட் மானிட்டர்ல ரெண்டு ஓரத்துலயும் ஏன் கருப்புப் பட்டை?" தனித்தனிப் புகார் மாதிரி தெரிந்தாலும் கேள்வி ஒன்றுதான். ஆடுபவர் கண்ணுக்கு எவ்வளவு மேப் தெரியலாம் என்பதை முடிவு செய்வது யார்? கேம் செய்தவரா, மானிட்டர் செய்தவரா?

நான் கேம் செய்தவர் கட்சி. ஆனால் எதிரில் இன்னொரு ஆள் ஆடாத கேமிலும் அவர் ஜூமில் கஞ்சத்தனம் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் ஆளுக்கு ஆள் மோதும் கேம்களை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரீனின் உயரத்தில் 20 கட்டம் தெரிகிறது என்று வையுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3 விகிதம் கொண்ட பழைய மானிட்டரில் அகலவாக்கில் சுமார் 27 கட்டம் தெரியும். 16:9-ல் 35-க்கு மேல். 3440x1440 பிக்சல் கொண்ட, சுமார் 21:9 அல்ட்ராவைடில் கிட்டத்தட்ட 48. 32:9-ல் 71. உங்கள் ஆள் நட்டநடுவில் நிற்கிறார். எதிரியிடம் 15 கட்டம் பாயும் துப்பாக்கி இருக்கிறது. 16:9-ல் அவன் பக்கவாட்டில் வந்தால் 17 கட்டத்திலேயே பார்த்துவிடுவீர்கள். மேலிருந்து வந்தால் 10 கட்டம்தான் தெரியும், அதனால் ஆள் தெரியாது, குண்டு மட்டும் வரும். 32:9 வைத்திருப்பவரோ இரண்டு பக்கமும் 35 கட்டம் பார்த்துக்கொண்டு, நீங்கள் வருவதற்குள் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவரைத் திட்டி என்ன செய்ய, கேம் அனுமதித்தது, அவர் பார்த்தார்.

கேமரா சாய்ந்திருக்கும் கேம்களில் இன்னொரு கூத்து. ஸ்க்ரீனின் மேல்பகுதியில் தூரம் அதிகமாகத் தெரியும், கீழ்ப்பகுதியில் குறைவு. போதாததற்கு பட்டன், மினிமேப் (முழு மேப்பையும் சிறிதாகக் காட்டும் ஓரப் படம்) எல்லாம் கீழேதான் குந்தியிருக்கும். கீழிருந்து தாக்குபவனுக்குக் கொண்டாட்டம். இதைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் ஏனோ குறைவு.

இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்ட கேம் என்று கேட்டால் 2021-ல் பழைய கேமைப் புதுப்பித்து வந்த 'டயாப்லோ 2: ரிசரெக்டட்' என்பேன். 2000-ல் வந்த மூல கேம் 640x480-ல் ஓடியது, மறுவருடம் வந்த விரிவாக்கத்தில் 800x600 ஆனது. அந்த அளவை மனதில் வைத்துத்தான் அரக்கர்கள் எவ்வளவு தூரத்தில் விழித்துக்கொள்வார்கள் என்பதையே எழுதியிருந்தார்கள். 21:9-ல் திறந்துவிட்டால், ஓரத்தில் தெரியும் அரக்கன் மேல் அம்பு விடலாம், அவன் பாட்டுக்கு மரம் மாதிரி நின்று வாங்கிக்கொள்வான். அதனால் 19:9-க்கு மேல் காட்ட மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அல்ட்ராவைட்காரர்கள் கொதித்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது 2007-ன் போர் கேமான 'சுப்ரீம் கமாண்டர்'. மவுஸ் வீலை உருட்டிக்கொண்டே போனால் முழு மேப்பும் ஸ்க்ரீனுக்குள் வந்துவிடும், டாங்கிகள் எல்லாம் சின்னச் சின்னக் குறிகளாகிவிடும். யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. எதிரி தெரிவதும் தெரியாததும் உங்கள் படையின் பார்வையையும் ரேடாரையும் பொறுத்தது, கேமராவுக்கு அதில் வேலையே இல்லை. 'அமாங் அஸ்' கூட இப்படித்தான். உங்களைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் வெளிச்சம், சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டு. எவ்வளவு அகலமான ஸ்க்ரீன் வாங்கினாலும் கூடுதலாக இருட்டுதான் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான்.

"அப்போ ஸ்டார்கிராஃப்ட் 2-லயும் ஜூமைத் திறந்துவிடலாமே?" என்றால், கூடாது. அதுவும் படை நடத்தும் போர் கேம்தான். அங்கே எந்த மூலையை எப்போது பார்ப்பது என்பதே ஆட்டத்தின் பாதி. மினிமேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்ததும் போரை விட்டுவிட்டு ஓடுவதா, இருப்பதா என்று முடிவெடுக்கும் அந்த அரை நொடிதான் நல்ல ஆட்டக்காரரைக் காட்டிக்கொடுக்கும். முழு மேப்பையும் ஒரே பார்வையில் கொடுத்தால் அந்தத் திறமைக்கு மதிப்பே போய்விடும்.

இனி தனியாள் கேம்கள். விவசாய கேமான 'ஸ்டார்டியூ வேலி'யில் ஜூமை 75 சதவீதம் வரை குறைக்கலாம். 1080பி (1920x1080) மானிட்டரில் அப்போது 40 கட்டம் அகலம் தெரியும். 4கே (3840x2160) மானிட்டரில் 80. சாதாரணப் பண்ணையின் மொத்த அகலமே 80 கட்டம்தான், ஒரு வேலியிலிருந்து மறு வேலி வரை அப்படியே தெரியும். அதனால் யார் குடி கெட்டது? தள்ளி நின்று பார்ப்பவர் எழுத்தைப் படிக்க முடியாமல் தவிக்கக் கூடாது என்று 1.5 அப்டேட்டில் மெனுவின் அளவையும் ஜூமிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். ஜூம் வைக்கிற எல்லா கேமிலும் இது இருக்க வேண்டும்.

டெவலப்பர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் நான்கு மடங்கு பரப்பை வரைய வேண்டும். சதுரப் புள்ளிகள் தெரியும்படி வரையும் பிக்சல் ஆர்ட்டில் தலைவலி வேறு மாதிரி. 320x180-ல் வரைந்த படம் 6 மடங்கில் 1080பி-யில் கச்சிதமாக உட்காரும், 12 மடங்கில் 4கே-யில் உட்காரும். 1366x768 லேப்டாப்பில் முழு மடங்கே வராது; இழுத்து நிரப்பினால் ஒரு பிக்சல் பருத்தும் ஒரு பிக்சல் மெலிந்தும் அசிங்கமாக நிற்கும். கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கின் 1280x800-ல் 4 மடங்கு வைத்துவிட்டு மேலும் கீழும் 40 பிக்சல் பட்டை விடுவதே உத்தமம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எங்கள் கலைப்பார்வை" என்று சொல்லி, தனியாள் கேமில் கதாநாயகன் தலைமுடியை எண்ணும் அளவுக்குக் கேமராவை ஒட்டவைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, ஆயிரக்கணக்கில் கொட்டி 32:9 வாங்கியவருக்குப் போட்டி கேமில் என்ன பதில்? கருப்புப் பட்டை போட்டாலும் அதைச் சும்மா விடாதீர்கள். மினிமேப், சாட், இன்வென்டரி (கையில் உள்ள பொருள்களின் பட்டியல்) எல்லாவற்றையும் அந்தப் பட்டைக்குள் நகர்த்திக்கொள்ள விடுங்கள். மேப் எல்லோருக்கும் ஒரே அளவு தெரியும், அவருக்கு மட்டும் அதன்மேல் எதுவும் மறைக்காமல் தெரியும். அந்தச் சின்னச் சலுகையை நான் பொறுத்துக்கொள்கிறேன்.