ஒரே நாள், ஒரே நாள் என்று உயிரை வாங்காதீர்கள்

ஷேக்ஸ்பியரும், ‘டான் குயிக்ஸோட்’ எழுதிய ஸ்பெயின்காரர் செர்வாண்டஸும் ஒரே நாளில் இறக்கவில்லை. இறக்கவில்லை, இறக்கவில்லை, இறக்கவில்லை. காலையிலிருந்து இதைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுவராவது குறுக்கே பேசாமல் கேட்கிறது.

விடிவதற்கு முன்பே, 5.12க்கு, வந்து விழுந்தது அந்தச் செய்தி. உங்களுக்கும் வந்திருக்கும், வராமல் எங்கே போகும்? ‘வரலாற்றில் இன்று’ என்று மஞ்சள் எழுத்து, நான்கு மூலையிலும் ரோஜா, நடுவே ஒரு புறா. அதற்குக் கீழே ஏப்ரல் 23இன் மகிமை: “உலக இலக்கியத்தின் இரு சிகரங்கள் 1616ஆம் ஆண்டு ஒரே நாளில் மறைந்த அதிசயம்! இயற்கையின் கணக்கை யார் அறிவார்!” அனுப்பியவர் என் பெரியப்பா. சென்ற ஆண்டும் இதையே அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டும். அந்த ரோஜாவுக்கு எத்தனை இதழ் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இந்த ஆண்டு கடிப்பதற்குப் பல் மிச்சமில்லை.

இயற்கையின் கணக்கை யார் அறிவார் என்றால், நான் அறிவேன். கழித்தல் தெரிந்த எவரும் அறிவார். போப் பதின்மூன்றாம் கிரெகரி கொண்டுவந்த கிரெகோரியன் நாட்காட்டிக்கு ஸ்பெயின் 1582ஆம் ஆண்டிலேயே மாறிவிட்டது. அந்த ஆண்டு அங்கே அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் 15ஆம் தேதி. நடுவிலிருந்த பத்து நாட்களைக் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். போப் சொல்லி நாங்கள் தேதி மாற்றுவதா என்று இங்கிலாந்து முறுக்கிக்கொண்டு, 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே கட்டிக்கொண்டு அழுதது. ஆகவே ஷேக்ஸ்பியர் கண்ணை மூடிய ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. அங்கே செர்வாண்டஸ் போய்ப் பத்து நாளாகியிருந்தது. அவரும் உண்மையில் 22ஆம் தேதி இறந்தார், 23 அடக்கம் செய்த நாள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதையும் கிளப்பினால் பதினொரு நாளாகிவிடும். பெரியப்பாவின் வயதை மனத்தில் கொண்டு அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்தச் செய்தியின் மூன்றாவது வரி இன்னும் உத்தமம்: “இன்று ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளும்கூட!” ஐயா, தேவாலயப் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம் பெற்ற நாள், 1564 ஏப்ரல் 26. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று நாள் முன்னால் பிறந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் வைத்த ஊகம்தான் 23. ஊகத்துக்கு வாழ்த்து, பிழைக்கு அஞ்சலி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே புறா.

(யுனெஸ்கோவே 1995இல் இந்த இருவரையும் காரணம் காட்டித்தான் ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக தினமாக அறிவித்தது. இதைச் சொன்னால் என் கட்சி பலவீனமாகும் என்பதால் குடும்பக் குழுவில் மூச்சு விடவில்லை.)

சரி, மறுப்பு எழுத உட்கார்ந்தேன். முதலில் “பெரியப்பா, இது தவறு” என்று எழுதினேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது, அழித்தேன். “அன்புள்ள பெரியப்பாவுக்கு” என்று தொடங்கினேன். விடுப்பு விண்ணப்பம்போல இருந்தது, அழித்தேன். “பெரியப்பா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்று எழுதினேன். அப்படிச் சொன்ன பிறகு எதையும் சரியாக எடுத்துக்கொண்டவர் உலகத்தில் எவரும் இல்லை; அதையும் அழித்தேன். கடைசியில் போப் பதின்மூன்றாம் கிரெகரியிலிருந்து ஆரம்பித்து எட்டுப் பத்தி எழுதி, அதை நான்காகச் சுருக்கி, ஒற்றுப்பிழை பார்த்து, 6.40க்கு அனுப்பினேன்.

பெரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. நின்றது. பதினொரு நிமிடம். அந்த இடைவெளியில் அத்தை ஒரு கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கா, பெரியப்பாவுக்கா, போப்புக்கா, தெரியவில்லை. சித்தப்பா தூங்கி எழுந்து, என் நான்கு பத்தியில் ‘இறந்தார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, “ஆழ்ந்த இரங்கல். எப்போது எடுக்கிறார்களாம்?” என்று கேட்டார். 410 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள் சித்தப்பா. அதற்குள் இன்னும் மூன்று பேர் கைகூப்பிவிட்டார்கள்.

பிறகு வந்தது பெரியப்பாவின் பதில். ஒரே ஒரு வரி.

“தம்பி, எப்படியோ இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள் அல்லவா?”

அதற்குப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். என் நான்கு பத்திக்கு ஒன்றும் இல்லை. கட்டைவிரலும் எனக்கானதில்லை என்று அப்போது புரிந்தது.

இந்த ஒரு நாளோடு போகிற துன்பமா இது? ஜனவரி 8 வந்தால், கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து அதே தேதியில், 1942இல், இயற்பியலாளர் ஹாக்கிங் பிறந்தார், ஆகவே மறுபிறவி. மார்ச் 14 வந்தால், ஐன்ஸ்டைன் பிறந்த தேதியில் 2018இல் ஹாக்கிங் மறைந்தார். அது கணிதத்தின் பை (3.14) தினமும்கூட. ஆகவே பிரபஞ்ச ரகசியம். அதே மார்ச் 14இல்தான் 1883இல் மார்க்ஸும் இறந்தார். அவரை இந்தச் சங்கிலியில் கோக்க மாட்டார்கள். பிரபஞ்சத்துக்கு அவர் ஒத்துவரவில்லை போலும். தான் பிறந்த அன்று உலகில் இன்னும் சுமார் 2 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே கணக்குச் சொல்லிவிட்டார். அந்த 2 லட்சம் பேருக்கும் கலிலியோவின் ஆவியைப் பங்கு பிரித்தால் ஆளுக்கு என்ன தேறும்?

லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12 அன்று, ஆண்டும் நாளும் மாறாமல், பிறந்தார்கள். மறுக்கவில்லை. அதனால் என்ன? ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்குப் பிறந்தநாள் தேதி ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். உலக வரலாறு முழுவதையும் 366 பெட்டிக்குள் அடைத்துவிட்டு, ஒரு பெட்டியில் இரண்டு பெரிய மனிதர்கள் இருக்கிறார்களே என்று வாயைப் பிளப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

தேதியாவது நிலையாக நிற்கிறதா? ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை, நாட்காட்டி மாறியதால், நவம்பர் 7இல் கொண்டாடினார்கள். நிலவில் மனிதன் இறங்கிய நாள் ஜூலை 20 என்பார்கள். இந்திய நேரப்படி கலம் தரையைத் தொட்டதே 21 அதிகாலை 1.47க்கு. கலிலியோ இறந்த 1642இலேயே நியூட்டன் பிறந்தார் என்ற புல்லரிப்பும் கலிலியோவுக்குப் புதிய நாட்காட்டி, நியூட்டனுக்குப் பழைய நாட்காட்டி என்று இரண்டு முழக்கோல் வைத்து அளந்ததுதான். ஒரே கோலால் அளந்தால் நியூட்டன் 1643 ஜனவரிக்குப் போய்விடுவார். பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11 என்று ஒரு செய்தி வரும், 12 என்று மறுநாள் இன்னொன்று வரும். இரண்டுக்கும் ஒரே ஆள் கைகூப்புவார்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது ஆகஸ்ட் 6 பட்டியல். பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் பிறந்த நாள் (1881), பக்கத்தில் கேக். அடுத்த வரி, ஹிரோஷிமாவில் அணுகுண்டு (1945). அதே எழுத்து, அதே அளவு, மூலையில் அதே ரோஜா. ஒரு நகரம் எரிந்ததற்காகக்கூட அந்த ரோஜாவை யாரும் எடுக்கவில்லை.

உண்மையிலேயே வாயைப் பிளக்க வேண்டிய தற்செயல் ஒன்று உண்டு. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனும், அது நிறைவேற முன்னின்று வாதாடிய ஆடம்ஸும், அந்தப் பிரகடனத்துக்கு 50 ஆண்டு நிறைந்த 1826 ஜூலை 4 அன்று, சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஒரே நாட்காட்டி, ஒரே நாடு, ஒரே நாள். ஜூலை 4 அன்று பெரியப்பா என்ன அனுப்பினார் தெரியுமா? “இனிய காலை வணக்கம்.” புறாவோடு.

இதையெல்லாம் நான் இங்கே கொட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி ஒலித்தது. பெரியப்பா தனியாக அனுப்பியிருக்கிறார். “நீ சொன்னபடி திருத்திவிட்டேன் தம்பி. சரியா பார்.” திறந்தால் அதே மஞ்சள், அதே ரோஜா:

“உலக இலக்கியத்தின் இரு சிகரங்கள் ஒரே தேதியில், பத்து நாள் இடைவெளியில் மறைந்த அதிசயம்! இயற்கையின் கணக்கை யார் அறிவார்!”

இரண்டு முறை படித்தேன். நான் நான்கு பத்தியில் சொன்னதை மனிதர் ஒரே வரியில் அடக்கிவிட்டார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். “மிகச் சரி பெரியப்பா” என்று பதில் போட்டேன். ஒரு புறாவும் சேர்த்து.

சிரித்த முகத்தோடு, நாளைக்குள் நிரப்ப வேண்டிய இணைய விண்ணப்பம் ஒன்றைத் திறந்தேன். பிறந்த தேதி கேட்டது. விரலால் எழுதவிடாது, நாட்காட்டிதான் விரியும், இந்த மாதத்தில். பின்னால் போக ஒரே ஓர் அம்புக்குறி, ஓர் அழுத்தலுக்கு ஒரு மாதம். எனக்கு வயது 44. பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை வடிவமைத்தவர் பிறந்தே ஆறு மாதம்தான் ஆகியிருக்க வேண்டும். அழுத்தினேன், அழுத்தினேன், 1997 வரை வந்துவிட்டேன். விரல் சற்று நழுவிப் பெட்டிக்கு வெளியே பட்டது. நாட்காட்டி மூடிக்கொண்டது.

மறுபடியும் திறந்தேன். ஏப்ரல் 23.