பூட்டிய அலமாரியும் கேட்பாரற்ற ஆட்சியும்

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பற்பசை வாங்குவதற்குக்கூட, ஊழியரை அழைக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பூட்டிய அலமாரியின் முன் கால்கடுக்க நிற்க வேண்டியிருப்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவர் சாவிக்கொத்துடன் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், சவர பிளேடும் வேறொரு பூட்டுக்குள்தான் இருக்கிறது. காசு கொடுப்பவர் இப்படிக் காத்துக்கிடக்கும் நகரத்தில் திருடுபவருக்கு என்ன பயம்? கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2014இல் ஏற்ற 47ஆம் முன்மொழிவு, 950 டாலருக்கு மேற்படாத கடைத்திருட்டைப் பெரும்பாலும் சிறு குற்றமாக்கிவிட்டது. கண்டிப்பு வேண்டும் என்று எங்களைப் போன்ற பழமைவாதிகள் சொன்னபோதெல்லாம் ஈவிரக்கமற்றவர்கள் என்ற பட்டம்தான் கிடைத்தது. 1964க்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் ஒருவரைக்கூட இந்நகரம் கண்டதில்லை. தட்டிக் கேட்க எதிர்க்கட்சியே இல்லாதபோது ஆள்பவர்கள் எதற்காகத் திருந்த வேண்டும்? 2022இல், குற்றவாளிகளிடம் மென்மை காட்டுவதாக விமர்சிக்கப்பட்ட நகரின் மாவட்ட அரசு வழக்கறிஞர் செசா பூடினை வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கியதும், ஆளுநர் நியூசம் எதிர்த்தும் 2024இல் தண்டனைகளைக் கடுமையாக்கும் 36ஆம் முன்மொழிவை ஆதரித்ததும் ஜனநாயகக் கட்சிக்கே வழக்கமாக வாக்களிக்கும் இதே மக்கள்தான். அதையே முன்கூட்டிச் சொன்ன எங்களை ஏசியவர்களில் ஒருவர்கூட இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.