போதகரிடம் கேள்வி கேட்க முடிகிற சபை

ஒரு சபை நலமாக இருக்கிறதா என்று அறிய, ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணுவதில்லை. அங்கே ஒரு சாதாரண விசுவாசி எழுந்து, "ஐயா, காணிக்கைக் கணக்கை எப்போது வாசிப்பீர்கள்?" என்று கேட்டால் என்ன நடக்கிறது என்றே பார்ப்பேன். நிதானமாகப் பதில் வந்தால் நிம்மதி. அபிஷேகம் பெற்றவர்களை, அதாவது கர்த்தர் தமக்கெனத் தெரிந்துகொண்டவர்களை, தொடாதே என்ற வசனம் பதிலாக வந்தால் அந்தச் சபைக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுவேன்.

அந்த வசனம் 105-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. தயவுசெய்து முன்பின் சேர்த்து வாசியுங்கள். சொந்த நிலமின்றித் தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. எளியவரைக் காக்க அதிகாரத்தில் இருந்தவர்களிடம் சொல்லப்பட்ட வார்த்தையை, பிரசங்க பீடத்தில் நிற்பவர் கேள்வி கேட்கும் ஓர் ஏழை விதவைமேல் எறிவது அநியாயம். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அதைக் கலாத்தியருக்கு வெளிப்படையாக எழுதியும் வைத்தார். அதனால் பேதுருவின் ஊழியம் அழிந்துவிடவில்லை.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை ஒவ்வொரு சபைத் தலைவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். இதைக் கிளப்பியது யார் என்று பன்னிரண்டு அப்போஸ்தலரும் விசாரிக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருக்கும் இருந்தவை கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். எவ்வளவு பெரிய மனது! அடுத்த வசனமே, எருசலேமில் சீஷர்களின் தொகை மிகவும் பெருகியது என்கிறது.

பணத்தில் பவுல் இன்னும் கறாராக இருந்தார். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்ந்த தர்மப்பணத்துக்காக, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்பதே 2 கொரிந்தியர் 8-இல் அவர் சொல்லும் காரணம். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. நம் காணிக்கைப் பையை ஒரே குடும்பத்தினர் எண்ணுவதில் என்ன நியாயம்? உறவில்லாத இருவர் எண்ணட்டும், அன்றே எழுதிக் கையெழுத்திடட்டும், கணக்கு எல்லோருக்கும் வாசிக்கப்படட்டும்.

இதுவரை சொன்னதைப் போதகர்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சபையாராகிய நம் பங்கும் சிறியதல்ல. குறை இருந்தால் முதலில் தனியே போய்ப் பேசு என்று மத்தேயு 18-இல் இயேசு சொல்லியிருக்க, நாம் சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசுகிறோம். துக்க வீடு, மருத்துவமனை, திருமணப் பேச்சு, கணவன் மனைவி சண்டை, கூரை ஒழுகல் என எல்லாவற்றுக்கும் அவரையே அழைக்கிறோம். பிறகு பிரசங்கத்தில் ஆழமில்லை என்கிறோம்.

காலை முதல் மாலை வரை மோசே ஒருவரே நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீர் செய்கிறது நல்லதல்ல என்றார். நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்பது அவருடைய எச்சரிக்கை. ஒருவர்மேல் எல்லாம் சுமத்தப்பட்ட இடத்தில் காத்து நிற்கிறவர்களும் சோர்ந்துபோகிறார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் போதகருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கிறதா என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசுங்கள். கிடைக்கவில்லையென்றால், அவர் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதை யார் எடுத்துக்கொள்வது என்று கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்யுங்கள்.