நாடகம் நடக்கும்போது யாரும் மேடையேறக் கூடாது

அந்தப் போட்டோவை இதுவரை நிறையப் பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "உங்க தம்பிதானே, பார்க்கவே பெருமையா இருக்கு" என்று கூடவே எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் போட்டோ எடுக்கப்பட்டபோது மேடையில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. கிளப் தலைவர் என் தம்பியைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாரே, அது நாடகம் முடிந்த பிறகு எடுத்தது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாடகம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் போட்டோவுக்கு அப்புறம் நாடகமே நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு சேவைச் சங்கத்தின் புதிய நிர்வாகிகள் பதவியேற்பு விழா. நிகழ்ச்சி நிரலில் மாற்றுத்திறனாளிகள் நடிக்கும் எங்கள் நாடகக் குழுவுக்கு 40 நிமிடம் என்று அச்சடித்திருந்தார்கள். உரைகள் நீண்டுகொண்டே போயின. செயலாளர் மேக்கப் ரூமுக்கு வந்து, "மேடம், ஒரு பத்து நிமிஷத்துல முடிச்சுக்க முடியுமா" என்றார். முடியாது சார் என்றேன். சரி என்று போய்விட்டார். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தம்பி பேசாமல் நின்ற ஒரு இடத்தில், தொகுப்பாளர் மைக்கோடு மேடையேறி, "வசனம் மறந்துடுச்சு போல, பரவாயில்லை, இந்தத் தன்னம்பிக்கைக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டு கொடுங்க" என்றார். அரங்கமே எழுந்து தட்டியது. தலைவர் ஏறினார், போட்டோகிராபர் ஏறினார், நினைவுப் பரிசு வந்தது, திரையை மூடிவிட்டார்கள்.

அவன் வசனத்தை மறக்கவில்லை.

அந்த மௌனம் நாடகத்தில் இருக்கிறது. எழுதி, ஒத்திகை பார்த்து, சண்டை போட்டு வைத்த மௌனம் அது. தம்பிக்கு மூளை முடக்குவாதம். பேச்சு மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு சொல்லையும் தாடையோடு மல்லுக்கட்டித்தான் வெளியே கொண்டுவருவான். குழுவில் சேர்ந்த புதிதில் அவனுக்கு எப்போதும் நல்லவன் வேஷம்தான் கிடைத்தது, எல்லாரும் அவனைப் பார்த்துக் கண்கலங்க வேண்டும் என்கிற மாதிரி. "எனக்கு வில்லன் வேணும்" என்று அவனேதான் கேட்டான். இந்த நாடகத்தில் அவன் வீட்டு ஓனர். வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு பெண்ணையும் அவள் தாயையும் வெளியேற்ற வருகிறான். வீல்சேரை உருட்டிக்கொண்டு உள்ளே வருவான், வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பான், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பேச மாட்டான். அவளாக நடிப்பவர் காது கேளாதவர், சைகை மொழியில் கெஞ்சிக்கொண்டிருக்கும் அவர் கைகள் பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிடும். தாயாக நடிப்பவருக்குப் பார்வை இல்லை, வந்திருப்பது யார் என்று தெரியாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காதைக் கொடுப்பார். எல்லாரும் எப்போது வாயைத் திறப்பானோ என்று காத்திருக்கும்போது "காலி... பண்ணு" என்பான். ஒத்திகையில் அந்த இடத்தில் எனக்கே முதுகு சில்லிட்டிருக்கிறது, நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

பேச்சு சரளமாக வருகிற எந்த நடிகராலும் அந்த மௌனத்தை அவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியாது. தன் தொண்டை தனக்குத் தந்த தாமதத்தை அவன் நடிப்பாக்கி வைத்திருந்தான். அந்த இடத்தில்தான் மைக் வந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நாடகம் நடக்கும்போது அது நாடகம். அதை நடிப்பவர் வீல்சேரில் இருந்தாலும், சைகையில் பேசினாலும், கண் தெரியாதவராக இருந்தாலும் அது நாடகம். முடிகிற வரைக்கும் யாரும் மேடையேறக் கூடாது. பிடிக்கவில்லையா, எழுந்து போங்கள், அது உங்கள் உரிமை. பாதியில் நிறுத்திக் கட்டிப்பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் போட்டோவை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், காற்றில் எதையோ தேடுகிற மாதிரி. தாயாக நடிப்பவரின் கை அது. மேடைத் தரையில் அவர் நடக்கிற பாதை முழுவதும் ஒரு சணல் கயிறு வைத்து அதன்மேல் டேப் ஒட்டியிருப்போம். வெறும் காலில் அந்த மேட்டைத் தடவித்தான் கதவு எங்கே, நாற்காலி எங்கே, மேடையின் விளிம்பு எங்கே என்று அவர் நடப்பார். போட்டோகிராபரின் ஸ்டாண்டு கால் பட்டு அந்தக் கயிறு பிய்ந்து இழுபட்டுப் போனது. சுற்றிலும் கைதட்டல், என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேடை விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கவாட்டிலிருந்து ஓடிப்போய்ப் பிடித்தேன். இந்தப் போட்டோதான் "குழந்தைகளின் கலைநிகழ்ச்சி" என்ற தலைப்போடு உங்கள் போனுக்கு வந்தது. என் தம்பிக்கு 34 வயது.

சரி, நான் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது எதிர்த்து வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"அவங்க பண உதவி செய்றாங்க, நன்றி இல்லாம பேசக் கூடாது." ஹால் வாடகை கொடுத்தார்கள், லைட்டுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே நன்றி சொன்னோம், எழுத்திலும் சொன்னோம். சேவைச் சங்கங்களே வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ரோட்டரி 1979இல் பிலிப்பைன்ஸில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985இல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதனால் நடக்க முடிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பார்வையற்றவர்களின் வெள்ளைக் கோல் பரவியதில் அரிமா (லயன்ஸ்) சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதையெல்லாம் நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஹால் வாடகை கொடுத்தவர் நாடகத்தை நடுவில் நிறுத்தலாம் என்று எந்த ஊர் நியாயம் சொல்கிறது? வேறு எந்த நாடகக் குழுவுக்கு ஸ்பான்சர் செய்துவிட்டு, மூன்றாவது காட்சியில் மேடையேறி ஹீரோவைக் கட்டிப்பிடிப்பீர்கள்?

"நேரம் ஆயிடுச்சு, என்ன பண்றது." சீஃப் கெஸ்ட் உரையை யாரும் வெட்டவில்லை. அவர் பேச்சை நிறுத்தி யோசித்தபோது மறந்துவிட்டார் என்று யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அரிமா நண்பர் ஒருவர், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லரைப் படிக்கச் சொல்லி எழுதியிருந்தார். படித்திருக்கிறேன். 1925இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அரிமா சங்க மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசியதையும், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டதையும் விழாக்களில் அடிக்கடி சொல்வார்கள். நல்ல விஷயம், சொல்லட்டும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அதே ஹெலன் கெல்லர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை எந்த விழாவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1920 முதல் அவர் வாட்வில் என்கிற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு மேடையேறினார். பாடகர்கள், நகைச்சுவைக்காரர்கள், வித்தை காட்டுகிறவர்கள் வந்துபோகிற அதே மேடையில், தன் ஆசிரியை ஆன் சல்லிவனோடு நின்று, பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள். உங்கள் சங்கம் கொண்டாடுகிற அந்தப் பெண்மணி மேடைக் கலைஞர். என் தம்பியையும் அப்படிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொருவர், "இந்த மாதிரி நாடகத்தை எல்லாராலும் 40 நிமிஷம் உட்கார்ந்து பார்க்க முடியாது" என்கிறார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே தூக்கி வைத்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரில் பேக் டு பேக் தியேட்டர் என்று ஒரு குழு இருக்கிறது, 1987இலிருந்து. அதன் மையமே அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்கள்தான். அவர்களுக்கு 2022இல் நாடகத்துக்கான சர்வதேச இப்சன் விருது கிடைத்தது, 2024இல் வெனிஸ் நாடக விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. இங்கிலாந்தில் 1980இல் தொடங்கிய கிரேயே நாடகக் குழுவை நடத்திய ஜென்னி சீலி காது கேளாதவர், லண்டன் 2012 பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர். உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. நம் ஆட்களுக்கு உட்காரப் பழக்கம் இல்லை, ஏனென்றால் ஒரு தடவைகூட முழுசாக உட்காரவிட்டதில்லை.

அப்புறம் ராம்ப். இதை நான் பெரிதாக்குவதாக ஒருவர் வருத்தப்பட்டார். அந்த விழாவில் மேடைக்குக் கீழே வரிசையாக வீல்சேர்கள் வைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதே மேடைக்கு வீல்சேர் ஏற வழி இல்லை. தம்பியை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவனுக்கு அது அறவே பிடிக்காது, தூக்குகிறபோது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான், அதற்கப்புறம் மூச்சு சீராக நேரம் எடுக்கும், வசனம் பேச மூச்சுதான் முதல் தேவை. இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2019இல் அலி ஸ்ட்ரோக்கர் என்ற நடிகை அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கினார், வீல்சேர் பயன்படுத்துபவர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. பார்வையாளர் பகுதியிலிருந்து மேடையேற ராம்ப் இல்லாததால் மற்றவர்களைப் போல எழுந்து வர முடியாமல் மேடைக்குப் பின்னாலிருந்துதான் வந்தார். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம் என்று சொல்லாதீர்கள். ஒரு மரப்பலகை ராம்ப் செய்ய ஒரு ஆசாரியும் ஒரு நாளும் போதும்.

"நடிப்பு அவங்களுக்கு நல்ல தெரபி, அந்த அளவுல சந்தோஷப்படுங்க" என்று சொன்னவர்கள் எனக்கு நெருக்கமானவர்கள், அதனால்தான் அதிகம் வலிக்கிறது. நடிப்பதால் தம்பியின் மூச்சுக்கும் பேச்சுக்கும் நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேறு எந்த நடிகரிடமாவது "நடிக்கிறதால உங்க உடம்புக்கு எப்படி இருக்கு" என்று கேட்பீர்களா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 30ஆவது பிரிவு, அவர்கள் தங்கள் படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு வேண்டும் என்கிறது. அவர்களின் நன்மைக்காக மட்டும் என்று நிறுத்திக்கொள்ளவில்லை, சமூகம் வளம் பெறவும்தான் என்று சேர்த்தே சொல்கிறது. அவன் நடிப்பால் உங்களுக்கு ஏதோ கிடைக்க வேண்டும். பயம், எரிச்சல், சிரிப்பு, எதுவோ ஒன்று. அதை வாங்கிக்கொள்ள நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவர்கூட என் தம்பியிடம் "அந்தக் காட்சியில நீ சரியா பண்ணலை" என்று சொன்னதில்லை. குழுவுக்கு வெளியே ஒருவர்கூட. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் "அக்கா, நல்லா இருந்துச்சா" என்று என்னைத்தான் கேட்பான், மற்றவர்களைக் கேட்பதை நிறுத்திவிட்டான். எல்லாரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள், அவன் நன்றாகச் செய்த நாளிலும் சூப்பர், சொதப்பிய நாளிலும் சூப்பர். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய தனிமை என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வண்டியில் திரும்பும்போது அவன் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருந்தது, அவன் நடிக்கவே இல்லையே. அத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவனுடைய முக்கியமான வசனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

"நல்ல எண்ணத்தோட செஞ்சதை இப்படியா பேசுறது" என்று இதற்கும் யாராவது எழுதுவீர்கள். எண்ணம் நல்லதுதான், நம்புகிறேன். தலைவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் அந்தக் கண்ணீர் என் தம்பியைப் பார்த்து வந்தது, அவன் நடித்த அந்தக் கொடுமைக்கார ஓனரைப் பார்த்து வரவில்லை. நீங்கள் அவனைப் பார்த்து இரக்கப்பட்டீர்கள். அவன் உங்களைப் பயமுறுத்துவதற்காக மாதக்கணக்கில் உழைத்திருந்தான்.

நேற்று மாலை செயலாளர் போன் செய்தார். பதிவு எதுவும் போட வேண்டாம், அடுத்த நிகழ்ச்சியில் "நல்லா நேரம் ஒதுக்கித் தர்றோம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், நானும் மரியாதையாகத்தான் பேசினேன். வருகிறோம் சார், ஆனால் எங்கள் நாடகம் மட்டும்தான் அன்றைக்கு நிகழ்ச்சி, உரை எதுவும் வேண்டாம், மேடைக்கு ராம்ப் வேண்டும், தரையில் ஒட்டியதை யாரும் மிதிக்கக் கூடாது, காது கேளாத பார்வையாளர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நடிகர்களுக்குச் சம்பளம் வேண்டும், போட்டோ எல்லாம் திரை விழுந்த பிறகு என்று சொன்னேன். சம்பளம் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன். அந்தக் கமிட்டியில் இருக்கிற இரண்டு மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சம்பள விஷயத்தை முதலில் பேசுங்கள்.