59,236 ரூபாய் எஸ்டிமேட்டும் அதில் எழுதப்படாத விஷயமும்

கார் கம்பெனி சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் என்றாலே எல்லோரும் "கொள்ளை விலை" என்று திட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறோம். எனக்கு விலையில் பெரிய சண்டை இல்லை. விலையை நாலு இடத்தில் விசாரித்துச் சரிபார்த்துவிடலாம். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், என்ன கெட்டுப்போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரி எழுதுவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

எங்களுடையது எட்டு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். சர்வீஸுக்கு விடும்போது சொன்ன குறை இரண்டே இரண்டு: பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. மதியம் வாட்ஸ்அப்பில் மளிகைச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல் வந்தது. ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) அசெம்பிளி, அதாவது முழுசாகப் புதுசு, 17,500. முன்பக்க பிரேக் டிஸ்க் ஜோடி 6,400, பேட் 2,900. லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) இரண்டு பக்கமும் 7,200. பெல்ட் 900. லேபர் 7,500. அப்புறம் எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், அண்டர்பாடி கோட்டிங் என்று 7,800. மேலே ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 59,236. கீழே 'அப்ரூவ்' என்று ஒரு பொத்தான். பட்டியல் முழுவதற்கும் அது ஒன்றுதான்.

பட்டியல் அனுப்பிய சர்வீஸ் அட்வைசருக்குப் போன் செய்தேன். "தம்பி, ஆல்டர்னேட்டர் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சது?"

"டெக்னீஷியன் செக் பண்ணிட்டாரு சார்."

"எத்தனை வோல்ட் காட்டுச்சு?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

சாயங்காலம் வரை அந்த எண் வரவே இல்லை. இத்தனைக்கும் இது மல்டிமீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் சங்கதி. எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8-இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும் (சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும், அது வேறு கதை). ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. அப்போதும்கூட ஆல்டர்னேட்டர் மொத்தமும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பிளேட், பேரிங் என்று தனித்தனி பாகங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மாடல்களில் அவற்றைத் தனியாகவே மாற்றலாம். சர்வீஸ் சென்டர்களில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வதில்லை. கழற்று, புது அசெம்பிளியைப் பூட்டு, அவ்வளவுதான். அவர்களுக்கு நேரம் மிச்சம், புதுப் பாகத்துக்கு வாரண்டி கொடுக்கவும் வசதி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 17,500 ரூபாயில் ஒரு வழியும் அதில் ஒரு சிறு பங்கு செலவில் இன்னொரு வழியும் இருக்கும்போது, இரண்டையும் சொல்லிவிட்டல்லவா என்னைக் கேட்க வேண்டும்?

டிஸ்க்கிலும் இதே கதை. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்தே இருக்கும். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் மறுபேச்சில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். தேவையான தடிமன் மிச்சமிருந்து, தேய்மானம் மட்டும் சீராக இல்லை என்றால், லேத்தில் கொடுத்து ஸ்கிம் பண்ணி, அதாவது மேற்பரப்பை மெல்லியதாகச் சீவிச் சமன் செய்து, போடலாம். நேரில் போய் "அளந்தீங்களா?" என்றதும் அந்தத் தம்பி டெக்னீஷியனைப் பார்த்தார், டெக்னீஷியன் டிஸ்க்கைப் பார்த்தார். அப்புறம்தான் மைக்ரோமீட்டர் வெளியே வந்தது. ஸ்கிம் பண்ணுவதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

அவர்கள் சரியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, இடது பக்க லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் என்கிற மூட்டில் ஆட்டம் இருப்பதைக் கண்ணெதிரே காட்டினார்கள். அதை மாற்றியே தீர வேண்டும், மாற்றினால் வீல் அலைன்மென்டும் பார்க்க வேண்டும். உடனே ஒப்புக்கொண்டேன். வலது பக்கத்தில் ஆட்டமே இல்லை. "ஜோடியா மாத்துறதுதான் சார் நல்லது" என்றார்கள். பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் அந்த விதி பொருந்தும், லோயர் ஆர்முக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

லேபரில் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்துத்தான் கூலி போடுகிறார்கள். டிஸ்க் மாற்ற ஒரு கூலி, பேட் மாற்ற ஒரு கூலி, ஆர்ம் மாற்ற ஒரு கூலி. ஆனால் மூன்றுக்கும் சக்கரத்தைக் கழற்றுவது ஒரே தடவை. பேடை எடுக்காமல் டிஸ்க்கை எடுக்கவே முடியாது. இதைச் சொன்னதும் மேனேஜர் அதிகம் வாதாடாமல் குறைத்துக்கொண்டார்.

ஃப்ளஷ், கோட்டிங் வகையறாக்களைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. டேஷ்போர்டு அறையில் தூங்கும் ஓனர்ஸ் மேனுவலை எடுத்து, பராமரிப்பு அட்டவணையில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். என் மேனுவலில் ஒன்றுகூட இல்லை. நான்கையும் அடித்துவிட்டேன்.

வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது, அதன்மேல் மறுபடியும் வரி போடக்கூடாது. பார்ட் நம்பர் வாங்கி ஒப்பிட்டேன். அந்த விஷயத்தில் அவர்கள் கணக்கு சுத்தமாக இருந்தது.

ஆல்டர்னேட்டரை வெளியே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் வழக்கமான அஸ்திரம் வந்தது: "வெளியில கை வச்சா வாரண்டி போயிடும் சார்." எட்டு வருட வண்டிக்கு என்ன வாரண்டி என்று சிரித்துவிட்டேன். ஆனால் புது வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்வதும், வெளியே ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதும் தவறு என்றது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் சொன்னது. விவகாரம் மேல்முறையீட்டுக்கெல்லாம் போனது. சர்வீஸ் கவுன்டரில் மட்டும் இன்னும் பழைய பல்லவிதான்.

சென்னைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். நம் பாடி, அம்பத்தூர் பகுதித் தொழிற்சாலைகளில் பல கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிறார்கள். அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் போடும் பெட்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு.

அதற்காக வெளியே இருக்கும் மெக்கானிக்குகள் எல்லோரும் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. பில் கிடைக்காது, "ஒரிஜினல்ணே" என்று நீட்டும் பெட்டிக்குள் போலி இருக்கலாம், நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. எனக்குக் கிடைத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றி, தேய்ந்துபோன பிரஷைக் கையில் கொடுத்து, ரெகுலேட்டரோடு சேர்த்து மாற்றினார். இப்போது மீட்டரில் 14.2 காட்டுகிறது. இடது ஆர்ம், பேட், அலைன்மென்ட் சர்வீஸ் சென்டரிலேயே முடிந்தன. டிஸ்க்கை லேத்தில் கொடுத்து வாங்கினேன். எல்லாம் சேர்த்து 16 ஆயிரத்துக்குள் அடங்கியது.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் தொழிலில் மாதம் இத்தனை க்ளீனிங், இத்தனை கோட்டிங் விற்க வேண்டும் என்று அட்வைசர்களுக்கு டார்கெட் இருப்பது ஊரறிந்த ரகசியம். டார்கெட் வைத்தவர்கள் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்கள், திட்டு வாங்க வெளியே நிற்பது இவர்.

ஒன்றிய அரசு 2022-இல் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் அடக்கம். நல்லதுதான். எனக்குத் தேவை அதைவிடச் சின்ன விஷயம். வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்ன குறைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, மாற்றும் பாகத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நடுவில் சோதனையில் கண்டதை, அளந்த எண்ணோடு எழுத ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பாமல் எஸ்டிமேட் அனுப்பக்கூடாது, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று நுகர்வோர் துறை ஓர் உத்தரவு போடட்டும். அதுவரை அந்த 'அப்ரூவ்' பொத்தானைத் தொடாமல் நேரில் போய் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். தர மறுத்தாலோ சொல்லாத வேலைக்குப் பில் போட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.